நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களின் தவறான கண்டறிதல்

நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களின் தவறான கண்டறிதல் அல்லது பொய் நேர்மறை என்பது, தீங்கற்ற கோப்பு ஒன்றை நச்சுநிரல் (வைரஸ்) என ஆண்டிவைரஸ் மென்பொருள் பிழையாக அடையாளம் காண்பதாகும். எச்சரிக்கை மட்டும் தவறானதெனில் அது தொல்லையோடு நின்றுவிடும். ஆனால் பயனரின் இசைவைக் கேளாமலே மென்பொருள் அக்கோப்பை அழித்தாலோ தனிமைப்படுத்தினாலோ பயனரின் உழைப்பு வீணாகலாம். அது இயங்குதளத்தின் கோப்பாக இருந்தால் கணினியே தொடங்காமற் போகலாம்.

காரணங்கள்

நச்சுநிரல்களை இனங்காண இருவழிகள் பெரிதும் பயன்படுகின்றன. முதலாவது கையொப்ப முறை. அறியப்பட்ட நச்சுநிரலில் காணப்படும் பைட்டுகளின் வரிசை ஒரு தரவுத்தளத்தில் சேர்த்து வைக்கப்பட்டு, ஒவ்வொரு கோப்பும் அதனுடன் ஒப்பிடப்படும். தேர்ந்தெடுத்த வரிசை மிகப் பொதுவானதாக அமைந்துவிட்டால் நல்ல கோப்புகளும் அதில் சிக்கும். இரண்டாவது ஊகமுறை. இங்கு நிரலின் அமைப்பும் நடத்தையும் ஐயத்துக்குரியனவா என மதிப்பிடப்படுகிறது. யூபிஎக்ஸ் போன்ற கருவிகளால் சுருக்கப்பட்ட நிரல்கள் இதில் எளிதில் மாட்டிக்கொள்கின்றன. ஏனெனில் நச்சுநிரல் எழுதுவோரும் அதே கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். நிரலாக்கம் கற்கும் மாணவர் தொகுத்த முதல் சி நிரலே கண்முன் மறைந்துபோவதும் உண்டு.

அனுமதியற்ற நடவடிக்கை

பழைய மென்பொருள்கள் பல, ஐயத்துக்குரிய கோப்பைக் கண்டதும் அழிக்கவா, விட்டுவிடவா என வினவின. இவ்வினாவுக்குச் சரியான விடையளிக்கப் பெரும்பாலான பயனர்களால் இயலாது. கேள்வி அடிக்கடி எழுந்தால் படிக்காமலே ஏதோவொரு பொத்தானை அழுத்திவிடுவர். விடைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் உண்மையான நச்சுநிரல் பரவியும்விடும். எனவே தானாகச் செயற்படுவதே இயல்பிருப்பு அமைப்பாயிற்று. விண்டோசுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபென்டரும் கோப்பைத் தனிமைப்படுத்திய பின்னரே அறிவிக்கிறது. இக்காரணங்கள் வலுவானவையே. எனினும் மென்பொருள் பிழை செய்யும்போது அதன் விளைவு நிறுவனத்தை அல்ல, கணினியின் உரிமையாளரையே முதலில் சாருகிறது.

தனிமைப்படுத்தல் அழித்தலினும் பாதுகாப்பானது. கோப்பு இயங்க முடியாத வடிவுக்கு மாற்றப்பட்டு வேறிடத்தில் வைக்கப்படுவதால் பின்னர் மீட்கலாம். ஆயினும் இயங்குதளத்துக்கு இன்றியமையாத கோப்பைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு பெரிதும் பொருளற்றுப் போகிறது. மீட்கும் பொத்தானை அடையக் கணினி இயங்கியாக வேண்டும்.

2010 மக்காஃபி நிகழ்வு

இதற்குப் பெரிதும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஏப்ரல் 21, 2010 அன்று நிகழ்ந்தது. மக்காஃபி நிறுவனம் வெளியிட்ட 5958 எண்ணுள்ள கையொப்ப இற்றைப்படுத்தல், விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 இல் உள்ள எஸ்விசிஹோஸ்ட் கோப்பை வெக்கார்ல் என்னும் நச்சுநிரலாகக் கருதியது. விண்டோசின் பல சேவைகள் அக்கோப்பின் வழியாகவே இயங்குகின்றன. அது நீக்கப்பட்டதும் கணினிகள் மீண்டும் மீண்டும் தாமாக மறுதொடக்கம் செய்தன, வலையிணைப்பையும் இழந்தன.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் 25,000 கணினிகளில் ஏறத்தாழ 8,000 செயலிழந்தன. ரோட் தீவு மாநிலத்தில் சில மருத்துவமனைகள் அவசரப் பிரிவில் பலத்த காயமுற்றோரை மட்டுமே ஏற்றன. ஆத்திரேலியாவில் கோல்ஸ் பேரங்காடியின் சில கிளைகள் மூடப்பட்டன. பிழை சில மணி நேரத்தில் உணரப்பட்டு 5959 ஆம் இற்றைப்படுத்தல் வெளியாயிற்று. ஆனால் வலையிணைப்பு இல்லாத கணினிக்குத் திருத்தம் தானாகச் சென்று சேராது. பணியாளர்கள் ஒவ்வொரு கணினியாகச் சென்று, பாதுகாப்பு முறையில் தொடங்கி, கோப்பை மீள இடவேண்டியதாயிற்று.

ஒரே இயங்குதளக் கோப்பு கோடிக்கணக்கான கணினிகளில் மாற்றமின்றி இருப்பதே இத்தகைய நிகழ்வுகளின் வீச்சுக்குக் காரணம். ஒரு பிழை எல்லா இடங்களிலும் ஒரே வேளையில் நேர்கிறது.

பிற நிகழ்வுகள்

மே 2007 இல் சிமன்டெக்கின் நார்ட்டன் மென்பொருள், எளிய சீன மொழி விண்டோஸ் எக்ஸ்பியின் இரு கோப்புகளை நீக்கியதால் சீனாவில் ஆயிரக்கணக்கான கணினிகள் தொடங்கவில்லை. நவம்பர் 2008 இல் ஏவிஜி, யூசர்32 என்னும் கோப்பை வங்கித் திருட்டு நிரல் எனக் கொண்டது. செப்டம்பர் 2011 இல் மைக்ரோசாஃப்டின் மென்பொருள், கூகிள் குரோம் உலாவியைச் சுமார் 3,000 பயனர்களின் கணினிகளில் பாதித்தது. போட்டியாளரின் உலாவி என்பதால் அப்போது இது நகைப்புக்கும் இடமாயிற்று. செப்டம்பர் 2012 இல் சோஃபோஸ் தன்னுடைய இற்றைப்படுத்தும் நிரலையே நச்சுநிரலாகக் கண்டது. தானாக அழிக்குமாறு அமைக்கப்பட்டிருந்த கணினிகளில், திருத்தத்தைப் பெற்றுத்தர வேண்டிய நிரலே இல்லாமற் போயிற்று.

சிறு நிரலாளர்கள்

பெருநிறுவனங்களின் கோப்புகளில் நேரும் பிழை சில மணி நேரத்தில் திருத்தப்படுகிறது. தனியாக நிரல் எழுதி இலவசமாக வழங்குவோருக்கு அத்தகைய வாய்ப்பு அரிது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே முறையிட வேண்டும். புதிய பதிப்பு வெளியானதும் அதே பிழை மீண்டும் எழலாம். எண்முறைக் கையொப்பம் இட்டால் ஐயம் ஓரளவு குறையும், ஆனால் அதற்கான சான்றிதழ் பெரும்பாலும் கட்டணத்துக்கே கிடைக்கிறது.

தடுப்பு

ஆண்டிவைரஸ் நிறுவனங்கள், அறியப்பட்ட நல்ல கோப்புகளின் பட்டியலுடன் ஒப்பிட்ட பின்னரே கையொப்பங்களை வெளியிட முயல்கின்றன. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் அமைப்பு தன் சோதனைகளில் தவறான எச்சரிக்கைகளையும் எண்ணுகிறது. பயனர் தம் பணிக்கோப்புறையை விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். அப்போது அக்கோப்புறைக்குள் வரும் உண்மையான நச்சுநிரலும் கவனிக்கப்படாது. ஐயமுள்ள கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல மென்பொருள்களின் முடிவுகளை ஒருங்கே காணலாம். ஏற்றப்படும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களுடன் பகிரப்படுவதால் தனிப்பட்ட ஆவணங்களுக்கு இவ்வழி ஏற்றதன்று.