ஓடிக்கொண்டே இருக்கும் 'ரன்'

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த பீட்டர் கில்லிவர், ஒரே ஒரு வினைச்சொல்லின் பதிவைத் திருத்தி எழுத ஒன்பது மாதங்கள் எடுத்துக்கொண்டார். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள 'ரன்'தான் அந்தச் சொல். வேலை முடிந்தபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் தேறின. 2011-ல் இந்தக் கணக்கு பரவலாகப் பேசப்பட்டது. அதற்கு முன் நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த சொல் 'செட்'. 20 தொகுதிகளாக 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு 430 பொருள்கள். அவற்றின் விளக்கமே சுமார் 60,000 சொற்கள். தனிப் புத்தகமாகப் போடலாம்.

நம் பள்ளிகளில் 'ரன்' என்றால் 'ஓடு' என்று பிள்ளைகள் உருப்போடுகிறார்கள். அதே பிள்ளை பெரியவனாகி ஓர் ஆங்கில நாவலைக் கையில் எடுக்கும்போது திண்டாட்டம் தொடங்குகிறது. ஒருத்தி கடையை 'ரன்' செய்கிறாள், அதாவது நடத்துகிறாள். அவள் குழந்தை காய்ச்சலை 'ரன்' செய்கிறது, அதாவது அதற்குக் காய்ச்சல் அடிக்கிறது. வீட்டில் பால் 'ரன் அவுட்'; தீர்ந்துபோயிற்று. தெருவில் பழைய தோழியை 'ரன் இன்ட்டு' செய்கிறாள், எதிர்பாராமல் பார்க்கிறாள். முன்கோபம் அவள் குடும்பத்தில் 'ரன்' ஆகிறது, வழிவழியாக வருகிறது. இத்தனையிலும் யாரும் ஓர் அடிகூட ஓடவில்லை. 'ரன் = ஓடு' என்ற ஒற்றை வரியோடு பிள்ளைகளை அனுப்பிவைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். இந்தச் சொல்லின் பொருளைப் பக்கத்தில் நிற்கும் சொல்தான் தீர்மானிக்கிறது. ஜோடியாகத்தான் கற்றுத்தர வேண்டும்.

ஒரு சொல் ஏன் இவ்வளவு சுமக்கிறது? தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதன் விடை சட்டென்று பிடிபடும். பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. தானே ஓடுவதையும் பாய்வதையும் குறித்தது ஒன்று. இன்னொன்றை ஓடச்செய்வதைக் குறித்தது மற்றொன்று. நம்முடைய தன்வினை, பிறவினை போலத்தான். தமிழில் 'ஓடினான்', 'ஓட்டினான்' என்று ஒரு 'ட்' இரண்டையும் இன்றுவரை பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலோ ஒலியில் நெருங்கியிருந்த இரண்டும் காலப்போக்கில் கலந்து ஒன்றாகிவிட்டன. அதனால்தான் குதிரையும் 'ரன்' ஆகிறது, குதிரைக்காரனும் அதை 'ரன்' செய்கிறான். கடை, கட்சி, நாடு என எதை நடத்தினாலும் அதே சொல். பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டாலும் அதே சொல்தான்.

நீரோட்டமும் தொடக்கத்திலிருந்தே இதற்குள் இருக்கிறது. ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் போவது எல்லாம் அந்தக் கிளையில் வந்தவை. அமெரிக்காவின் சில பகுதிகளில் சிற்றோடைக்கே 'ரன்' என்று பெயர். வடக்கு வர்ஜீனியாவில் உள்ள 'புல் ரன்' அப்படி ஓர் ஓடை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861-லும் 1862-லும் அதன் கரையோரம் இரண்டு பெரும் சண்டைகள் நடந்தன. பங்குச் சந்தைச் செய்திகளில் 'புல் ரன்' என்று படித்துப் பழகிய நம்மவர்கள், வரலாற்றுப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால் காளைகள் மிரண்டு ஓடிய கதை என்று நினைக்க இடமுண்டு. அங்கே ஓடியது தண்ணீர். விமானம் இறங்கும் 'ரன்வே'யும் இப்படி ஊர் மாறிய சொல்தான். விமானங்கள் வருவதற்கு முன் அமெரிக்காவில் அது மான்கள் வழக்கமாகப் போய்வரும் தடத்தைக் குறித்தது.

சொல்லைப் பெருகவைத்ததில் இயந்திரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்கிறார், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் கதையை எழுதிய சைமன் வின்செஸ்டர். நீராவி எஞ்சின், ரயில், கடிகாரம், கடைசியில் கணினி நிரல் என்று வந்தவை எல்லாம் 'ரன்' ஆயின. தமிழும் இதே வழியில் போயிருக்கிறது. மோட்டார் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. போதாதென்று ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துக்கொண்டோம். பழைய பைக்கை விற்பவர் 'நல்ல ரன்னிங் கண்டிஷன்' என்கிறார். 'ரன்னிங் பஸ்ல ஏறாதே' என்று அம்மா மகனைக் கண்டிக்கிறார். கல்லூரி மாணவர் 'ரன்னிங் நோட்ஸ்' எடுக்கிறார்.

தமிழ்நாட்டில் 'ரன்' என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கிரிக்கெட்தான். அங்கே கதை இன்னும் சுவையானது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மட்டையாளர் ஒருமுறை ஓடி முடித்ததும், கணக்கு வைப்பவர் ஒரு குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு வெட்டுவார். அந்த வெட்டுகளின் எண்ணிக்கைதான் அணியின் கணக்கு; அதைச் சொல்வதும் 'இத்தனை வெட்டு' என்றுதான். பின்னாளில் கத்தி போய்க் காகிதம் வந்தது, வெட்டின் இடத்தில் ஓட்டம் வந்து உட்கார்ந்தது. இன்று பந்தைக் கூட்டத்துக்குள் தூக்கி அடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பவருக்கு ஆறு 'ரன்' கிடைக்கிறது. 22 கெஜத்தை உயிரைக் கொடுத்து ஓடியும் கோட்டைத் தொடமுடியாதவர் 'ரன் அவுட்' ஆகிறார்.

வங்கிகளிலும் இப்படித்தான். ஒரு வங்கி மூழ்கப்போகிறது என்ற பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கப் போவதற்கு 'பேங்க் ரன்' என்று பெயர். போட்ட பணத்தை வங்கி கடனாகக் கொடுத்திருக்கும். அத்தனை பேரும் ஒன்றாக வந்து கேட்டால் நல்ல வங்கியும் தடுமாறும். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். பெரும்பாலும் கைப்பேசியிலும் கணினியிலுமே நடந்த காரியம் அது. மறுநாள் வங்கி மூடப்பட்டது. ஓட்டத்துக்குக் கால்களே தேவைப்படாத காலத்திலும் பெயர் மாறவில்லை.

645 என்ற எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? ஆக்ஸ்ஃபோர்டு அகராதி சொற்களின் வரலாற்றை எழுதும் அகராதி. ஜேம்ஸ் மர்ரே ஆசிரியராக இருந்த காலத்தில், அவர் வீட்டுத் தோட்டத்துத் தகரக் கொட்டகைக்கு உலகெங்குமிருந்து ஆர்வலர்கள் மேற்கோள் சீட்டுகளை அனுப்பிக் குவித்தார்கள். ஒரு சீட்டில் ஒரு சொல், அது வந்த வாக்கியம், புத்தகத்தின் பெயர், ஆண்டு. அவற்றைப் பொருள்வாரியாகப் பிரித்து, பழையதை முன்னே, புதியதைப் பின்னே வைப்பதே முறை. முதல் பகுதி 1884-ல் வந்தது. முழு அகராதியும் முடிந்தது 1928-ல். மர்ரே அதைப் பார்க்காமலே 1915-ல் இறந்துபோனார். இன்று சீட்டுகளோடு கணினித் தரவுகளும் சேர்ந்துவிட்டன, ஆனால் முறை அதே முறைதான். வழக்கொழிந்த பொருளையும் இந்த அகராதி நீக்குவதில்லை. எனவே 645-ல் இன்று யாரும் பயன்படுத்தாதவையும் உண்டு, ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசமுள்ளவையும் உண்டு. எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்பது அகராதிக்காரரின் தீர்ப்பு. கில்லிவரின் ஒன்பது மாதங்கள் இந்தத் தீர்ப்புகளில்தான் போயிருக்கின்றன.

ஆங்கிலம் பேசுபவர்களுக்குள்ளேயே இந்தச் சொல்லில் பாகப்பிரிவினையும் உண்டு. பிரிட்டனில் வேட்பாளர் தேர்தலில் 'நிற்கிறார்', நம்மூரைப் போலவே. அமெரிக்காவில் அவர் 'ஓடுகிறார்'. அவருடன் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிடுபவருக்கு 'ரன்னிங் மேட்' என்று பெயர். அது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது: ஒரே லாயத்தின் நல்ல குதிரைக்கு வேகம் பிடித்துக்கொடுக்க உடன் ஓடவிடும் இன்னொரு குதிரையை முதலில் அப்படி அழைத்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த நாட்டுத் தேர்தல் செய்தியை மொழிபெயர்க்க உட்காரும் தமிழ்ப் பத்திரிகையாளர், வேட்பாளரை 'களமிறங்குகிறார்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். 'ரன்னிங் மேட்' வரும் இடத்தில்தான் பேனா கொஞ்சம் நிற்கும்.