மூளை முடக்குவாதக் குழந்தைகளின் பார்வையும் முழுமையான வளர்ச்சியும்

முன்னுரை

வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடலின் அசைவும் நிலைப்பாடும் நிலையாகக் குன்றுவதே மூளை முடக்குவாதம். அசைவுக் குறைபாட்டுடன் புலனுணர்வு, அறிதல், தொடர்பாடல் ஆகியவற்றின் பாதிப்புகளும் பெரும்பாலும் இணைந்து வருவதை 2007இல் வெளியான பன்னாட்டு வரையறை சுட்டுகிறது. எனவே, குழந்தையின் பார்வையை அறியாமல் அதன் அறிவுத்திறனை மதிப்பிடுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கண்ணும் மூளையும்

மாறுகண், ஒளிவிலகல் பிழை, அருகிலுள்ள பொருளைக் குவித்துப் பார்க்க இயலாமை ஆகியன இக்குழந்தைகளிடம் மிகுதி. இவை கண் பரிசோதனையில் புலப்படுவன. மூளைசார் பார்வைக் குறைபாடோ இவற்றினின்று வேறானது. அந்நிலையில் கண் நலமாக இருந்தும், அது அனுப்பும் செய்தியை மூளை முறையாக உணர்வதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மூளையின் உள்ளறைகளை ஒட்டிய வெண்பொருள் சிதைவுறுவதுண்டு. கால்களை இயக்கும் நரம்பிழைகளும் பார்வை நரம்பிழைகளும் அப்பகுதியை ஒட்டிச் செல்வதால், நடையும் பார்வையும் ஒருங்கே பாதிக்கப்படலாம்.

வளர்ச்சியில் விளைவுகள்

கண்ட பொருளை நாடிக் கை நீட்டும் விழைவே குழந்தையின் அசைவுக்குத் தூண்டுகோலாகும். பார்வை குன்றின் தலை நிமிர்தலும் தவழ்தலும் மேலும் தாமதமாகலாம். பார்வைப்புலத்தின் கீழ்ப்பகுதி குறைந்த குழந்தை படியில் இடறும்போது, அது கால்தளர்ச்சியாகவே கருதப்படுகிறது. தனிப்படத்தை எளிதில் இனங்காணும் குழந்தை, பல படங்கள் நெருங்கிய பக்கத்தில் அதனைக் கண்டறிய இயலாது திகைக்கும். இது கவனக்குறைவாகவோ அறிவுக்குறைவாகவோ கொள்ளப்படுகிறது.

மதிப்பீடும் துணையும்

பேச இயலாத குழந்தையின் பார்வைக் கூர்மையையும் அளக்க இயலும். கோடிட்ட அட்டையைக் காட்டி, குழந்தை கோடுள்ள பக்கத்தை நோக்குகிறதா என்று காண்பது அதற்குரிய முறை. தலைக்கும் உடலுக்கும் தாங்கல், வெற்றுப் பின்னணியில் ஒரே பொருள், தெளிந்த நிற வேறுபாடு, மறுமொழிக்குக் கூடுதல் நேரம் ஆகியவை கற்றலுக்குத் துணைபுரியும்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தையும் குறைபார்வையையும் தனித்தனியே ஏற்றுள்ளது. எனினும் குறைபார்வையைக் கூர்மை, பார்வைப்புலம் ஆகியவற்றின் அளவால் மட்டுமே வரையறுக்கிறது. அவையிரண்டும் குன்றாது, கண்டதை உணர்வதில் மட்டும் இடர்ப்படும் குழந்தை அவ்வரையறைக்குள் அடங்குவதில்லை.

முடிவுரை

இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகிய மூன்றும் குழந்தை காண்கிறது என்னும் நம்பிக்கையிலேயே தொடங்குகின்றன. அந்நம்பிக்கையை முதலில் சோதித்தறிந்த பின்னரே அறிவுத்திறன் குறித்த முடிவுக்கு வருதல் வேண்டும்.