ஒரு நிரலும் பல கைபேசிகளும்

வாணிகம் செய்தியை முதலாகக் கொண்டு நடப்பது. எங்கே சரக்கு மலிவு, எங்கே விலை ஏற்றம், இடைவழி எத்தகையது என்பவற்றை முன்னறிந்தவனே ஊதியம் பெறுவான். முற்காலத்தில் இச்செய்தி ஆள் வழியாகவும் ஓலை வழியாகவும் சென்றது. பின்னர்த் தந்தி வழியாகச் சென்றது. இக்காலத்தில் அவரவர் கைபேசி வழியாகச் செல்கின்றது. கைபேசியினுள் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்தற்கென அமைக்கப்பெறும் நிரலைச் செயலி என்கின்றோம். ஒரு தொழில் நிலையம் தனக்கென ஒரு செயலியை விரும்பினால், அதனை ஒருமுறை எழுதி எல்லா வகைக் கைபேசிகளிலும் இயங்கச் செய்தல் கூடுமா, கூடின் அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பதனை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்குத் திருவேட்டக்குடியைக் காட்டிலும் ஏற்ற இடம் காண்பது அரிது. காரைக்காலுக்கு வடக்கே கடலை அடுத்துள்ள இவ்வூர், திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலம். இதனைச் சூழ்ந்த கரையில் மீன்பிடி தொழில் தொன்றுதொட்டு நடந்து வருகின்றது. 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இப்பொழுது இவ்வூரிலேயே அமைந்துள்ளது. நிரல் எழுதக் கற்கும் இளைஞரும், நிரலால் பயன்பெறத்தக்க கடலோடிகளும் ஒரே ஊரில் வாழ்கின்றனர்.

இனி, கைபேசிகள் பலவகைப்பட்டதன் காரணத்தைக் காண்போம். ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐபோன் 2007-ஆம் ஆண்டிலும், கூகுள் நிறுவனத்தாரின் ஆண்டிராய்டுத் தளத்தில் இயங்கும் முதற் கைபேசி 2008-ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. இரண்டும் வெவ்வேறு அடிப்படையில் அமைந்தவை. முன்னதற்கு ஸ்விஃப்ட் முதலிய மொழிகளிலும், பின்னதற்கு ஜாவா, கோட்லின் முதலிய மொழிகளிலும் நிரல் எழுதுதல் வழக்கம். ஆதலின் இருவகையினர்க்கும் செயலி தர விரும்பும் வணிகர், ஒரே வேலையை இருமுறை செய்விக்க நேர்கின்றது. எழுதுவோர் இரு குழுவினர்; கூலியும் இரண்டு. ஒன்றில் திருத்திய பிழை மற்றொன்றில் தங்கிவிடுதலும் உண்டு.

இவ்விரட்டைச் செலவைக் குறைக்க அறிஞர் மூன்று வழிகளைக் கண்டனர். முதலாவது, இணையப் பக்கம் ஒன்றைச் செயலி என்னும் கூட்டினுள் வைத்துத் தருதல். 2009-ஆம் ஆண்டில் தோன்றிய ஃபோன்கேப் இவ்வகையது. இஃது எளிது, ஆயினும் வேகம் குறைந்தது. இரண்டாவது, நிரலை ஒரு மொழியில் எழுதி, பொத்தான், பட்டியல் முதலிய உறுப்புகளை அந்தந்தக் கைபேசியிடமிருந்தே பெற்றுக்கொள்ளுதல். ஃபேஸ்புக் நிறுவனத்தார் 2015-இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் இம்முறையைப் பின்பற்றுவது. மூன்றாவது, கைபேசியின் உறுப்புகளை எதிர்பாராது, திரையில் தோன்றும் யாவற்றையும் தானே வரைந்து கொள்ளுதல். கூகுள் நிறுவனத்தாரின் ஃப்ளட்டர் இவ்வாறு செய்கின்றது. அதன் முதல் நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் வெளிவந்தது.

இவற்றால் நிரலின் பெரும்பகுதி பொதுவாகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இருப்பிடம் காட்டும் கருவி, ப்ளூடூத் இணைப்பு, திரை அணைந்திருக்கும்போதும் நடைபெற வேண்டிய வேலை ஆகியவற்றைக் கைபேசிகள் வெவ்வேறு விதமாகக் கையாளுகின்றன. அவ்விடங்களில் தனித்தனியே எழுதியே ஆகல் வேண்டும். அன்றியும், எழுதுவது ஒருமுறையாயினும், சோதித்தல் கைபேசிதோறும் செய்யத்தக்கது.

நிற்க, நம் கரையிலேயே நிகழ்ந்த ஒரு வரலாற்றை நோக்குவோம். சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் 1998-ஆம் ஆண்டு முதல் புதுவைப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை நிறுவினர். மீனவர் ஊராகிய வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையார் இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் குறிப்பை எடுத்து ஒலிபெருக்கி வழியே தமிழில் அறிவித்தனர். ஒலிபெருக்கிக்கு எத்தளமும் வேண்டுவதில்லை. கரையிலிருந்தோர் யாவரும் கேட்டனர். ஆயின் கடலுள் சென்ற படகுக்கு அக்குரல் எட்டாது. இக்குறை நீங்க அந்நிலையத்தார், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் பிற்பகுதியில், குவால்காம், டாடா நிறுவனங்கள் முதலியோரின் துணைகொண்டு ஃபிஷர் ஃப்ரெண்ட் என்னும் செயலியை அமைத்தனர். மீன் திரளக்கூடும் இடம், அலையின் உயரம், காற்றின் வேகம், சந்தை விலை ஆகியவற்றை அது மீனவர்க்கு அறிவித்தது. மீன் திரளும் இடத்தைக் கணிப்போர், 1999-ஆம் ஆண்டில் தோன்றிய ஐதராபாத்துக் கடல்சார் தகவல் மையத்தார். கடற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோளால் அறிந்து அவர் இதனைச் செய்கின்றனர்.

அச்செயலி முதற்கண் குவால்காம் வகுத்த ப்ரூ என்னும் தளத்தில், சி.டி.எம்.ஏ. கைபேசிகளில் இயங்கியது. சில ஆண்டுகளில் அக்கைபேசிகள் வழக்கொழிந்தன. செய்தி பழையதே, கடலும் மீனவரும் மாறவில்லை, ஆயினும் ஆண்டிராய்டுக்கெனச் செயலியை மீண்டும் அமைக்க வேண்டியதாயிற்று. தளத்தின் ஆயுள் தொழிலின் ஆயுளினும் மிகக் குறுகியது என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்று. பல தளங்களுக்கும் பொதுவாக எழுதும் கருவிகளும் இவ்விதிக்கு விலக்கல்ல. ஃபோன்கேப்பை அடோபி நிறுவனத்தார் 2020-இல் நிறுத்தினர். மைக்ரோசாஃப்டு நிறுவனத்தார் ஜமாரின் என்னும் கருவிக்கு அளித்துவந்த ஆதரவை 2024 மே மாதத்தில் முடித்துக்கொண்டனர்.

மற்றொரு தடை கடலிலேயே உளது. கரையினின்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கடந்தால் கைபேசிக்கு அலைவரிசை கிடைப்பதில்லை. 2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்தோர்க்கு எச்சரிக்கை எட்டாமல் உயிர்ச்சேதம் மிகுந்தது. பின்னர் 2019-இல் ஜெமினி என்னும் சிறு கருவி வெளியிடப்பெற்றது. அது செயற்கைக்கோளிலிருந்து செய்தியைப் பெற்று, ப்ளூடூத் வழியாகக் கைபேசிச் செயலிக்குத் தருகின்றது. செய்தியைப் பெறலாமேயன்றித் திருப்பி அனுப்புதல் அதனால் இயலாது. இலங்கைக் கடலெல்லை அண்மையிலுள்ள காரைக்கால் மீனவர்க்கு, எல்லையை நெருங்கியவுடன் எச்சரிக்கும் செயலி எத்துணை இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும். அவ்வெச்சரிக்கை இணைய இணைப்பின்றியே இயங்க வேண்டும். எல்லைக் கோட்டைக் கைபேசியிலேயே சேமித்து வைத்தல் இதற்கு வழி.

ஆதலின் செயலி வேண்டும் பனிக்கட்டி நிலையத்தாரோ மீன் வணிகரோ கூட்டுறவுச் சங்கத்தாரோ, நிரல் எழுதித் தரும் நிறுவனத்தாரிடம் செல்லுமுன் சிலவற்றைத் தெளிதல் நலம். பயன்படுத்துவோர் எவ்வகைக் கைபேசி வைத்துள்ளனர்? அனைவரும் ஆண்டிராய்டு உடையவராயின் இரு தளங்களுக்கான முயற்சியே வேண்டா. வெளிநாட்டு வணிகரும் உடன் பயன்படுத்துவராயின் பொது நிரலே சிக்கனம். விலைப்பட்டியல் காட்டுதல் மட்டுமே நோக்கமாயின் ஓர் இணையப் பக்கம் அமையும். ஒப்பந்தத்தில் மூல நிரல் வணிகர்க்கே உரியது என்று எழுதப்பெறல் வேண்டும். செயலிக் கடைகளில் திறக்கும் கணக்கும் அவர் பெயரிலேயே இருத்தல் வேண்டும். அக்கணக்கிற்குக் கூகுள் ஒருமுறை 25 டாலரும், ஆப்பிள் ஆண்டுதோறும் 99 டாலரும் பெறுகின்றன. முதற் செலவோடு நில்லாமல், ஆண்டுதோறும் பழுது பார்த்தற்கும் பொருள் ஒதுக்குதல் அவசியம்.

ஒரே நிரலால் மிச்சமாகும் பொருளை எங்கே செலவிடுகிறோம் என்பதே இவ்வாராய்ச்சியின் முடிவான கேள்வி. ஈரக்கையாலும் தொடத்தக்க பெரிய எழுத்து, மீனவர் வழங்கும் சொற்கள், விலை குறைந்த பழைய கைபேசியிலும் இயங்கும் எளிமை, இணைப்பற்ற இடத்தில் உதவும் சேமிப்பு ஆகியவற்றில் அது செலவாகுமாயின் பொதுநிரல் முறை பயன் தந்ததாகும். இவை இல்லாத செயலி ஆயிரம் தளங்களில் இயங்கினும் வீணே.

கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. வலை செப்பனிட்டும் படகு பழுது பார்த்தும் மீனவர் கரையிலிருக்கும் அந்நாட்கள், கோடை விடுமுறையோடு பெரும்பாலும் ஒத்து வருவன. நிரற்கலை பயிலும் மாணவர் அப்பொழுது கடற்கரைக்குச் சென்று, தாம் எழுதியதை அவர் கையில் கொடுத்துச் சோதிப்பாராக. எவ்வாசிரியரும் வகுப்பறையில் கற்பிக்கவியலாத பாடம் ஆங்கே கிடைக்கும்.