இறகில் பிறக்கும் பொய் இறால்
மூணாறு மலையின் துரைமார் மீன்

தேயிலையைப் போலவே மூணாறு மலைக்கு வெள்ளைக்காரத் துரைமார் கொண்டு வந்த இன்னொரு அந்நியச் சரக்கு டிரவுட் மீன். தேயிலை பறிக்க நம்மவர் ஆயிரக்கணக்கில் மலையேறினர். மீன் பிடிப்பது மட்டும் துரைமாரின் பொழுதுபோக்காகவே இருந்தது.

இந்த மீனைத் தென்னாட்டுக்குக் கொண்டு வருவது எளிதாக இருக்கவில்லை. 1863-ல் டாக்டர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் முட்டைகளை வரவழைக்க முயன்றார். கப்பல் பயணத்தின் வெப்பத்தில் முட்டைகள் வீணாயின. பின்னர் எச்.சி. வில்சன் நீலகிரியில் அவலாஞ்சி பொரிப்பகத்தின் வழியாக அதைச் சாதித்தார். மூணாறிலும் தேயிலைக் கம்பெனியார் ராஜமலையில் குஞ்சு பொரிப்பகம் வைத்து, ஓடைகளிலும் ஏரிகளிலும் மீனை விட்டனர். சுமார் 20 டிகிரிக்கு மேல் தண்ணீர் சூடேறினால் டிரவுட் தவித்துப் போகும். பாலக்காட்டுச் சமவெளியில் அது பிழைக்காததும், ஆனைமுடி அடிவாரத்தில் பிழைப்பதும் இதனால்தான்.

புழு இல்லாத தூண்டில்

மலம்புழை அணைக்கரையில் மண்புழு கோத்து உட்காருபவருக்கு டிரவுட் தூண்டில் வேடிக்கையாகத் தோன்றும். அதில் இரையே கிடையாது. இறகு, கம்பளி நூல், செப்புக்கம்பி ஆகியவற்றை முள்ளில் சுற்றிப் பூச்சி போலவோ இறால் போலவோ கட்டுகிறார்கள். இதற்குப் பொய் ஈ என்று பெயர்.

இறால் வடிவம் ஏன்? ஐரோப்பாவில் பழுப்பு டிரவுட்டில் ஒரு பகுதி கடலுக்குச் சென்று, இறாலும் சிறு மீனும் தின்று கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். அதுவே கடல் டிரவுட். மூணாறில் இருப்பது வானவில் டிரவுட். இது இங்கே கடலையே கண்டதில்லை. ஆனாலும் இறால் என்றால் இரண்டுக்கும் ஆசைதான். இறால் இனங்களில் உள்ள செஞ்சாயமே இம்மீன்களின் சதைக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகிறது.

கட்டும் விதம்

முள்ளைச் சிறு வைஸில் இறுக்கி, நூலால் அடித்தளம் சுற்ற வேண்டும். முள் வளையும் இடத்தில் ஆரஞ்சு நிற இறகு இழைகளை நீட்டிக் கட்டினால் அதுவே மீசை. அங்கேயே செப்புக்கம்பியையும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையையும் சேர்த்துக் கட்டவும். கம்பளி இழையைச் சுற்றினால் உடல் வரும். அதன்மேல் சேவலின் கழுத்து இறகைச் சுற்றி, முதுகின்மேல் பட்டையை இழுத்துப் போட்டு, கம்பியால் வரிவரியாகச் சுற்றினால் ஓடும் கணுக்களும் அமைந்துவிடும். முடிச்சிட்டு ஒரு சொட்டு வார்னிஷ். ஊசியால் அடியிழைகளைக் கிளறிவிட்டால் கால்கள்.

மீசை பின்பக்கம் இருப்பது தவறல்ல. பயந்த இறால் வாலைச் சொடுக்கிப் பின்னோக்கியே பாயும். எனவே தூண்டில் கயிற்றையும் விட்டுவிட்டுச் சுண்டி இழுக்க வேண்டும்.

நிஜ இறாலின் கதி

விளையாட்டாகத் தோன்றும் இந்த விஷயத்துக்கு மறுபக்கமும் உண்டு. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியிலும் ஆங்கிலேயர் வானவில் டிரவுட்டை விட்டனர். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு இறால் இனம் அங்குள்ள ஓடையில் வாழ்கிறது. அது அழியும் நிலைக்கு வந்ததற்கு டிரவுட்டும் ஒரு காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். பொய் இறாலைக் கவ்வும் மீன் நிஜ இறாலை விட்டுவைக்குமா?

நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் இவ்வூருக்கே உரிய சிற்றிறால், மீன், தவளை இனங்கள் உண்டு. அந்த நீர்தான் கீழே இறங்கி எஸ்டேட் லயங்களுக்கும் ஊர்களுக்கும் வருகிறது. வரையாடுகளுக்காக 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவான இரவிகுளத்தில் ஓடைகளும் காப்புக்கு உட்பட்டவையே. அங்கே இஷ்டம்போல் தூண்டில் போடுவது சட்டப்படி குற்றம். மற்ற ஏரிகளிலும் உரியவரிடம் அனுமதி கேட்டே இறங்க வேண்டும்.

விடுமுறை நாளில் பொய் ஈ கட்டிப் பழகுவதற்குச் செலவு அதிகமில்லை; கைத்திறனும் பொறுமையும் போதும். ஆனால் வெளியூர் மீன் எதையும் வாளியில் கொண்டு வந்து மலை ஓடையில் விடக் கூடாது. பிடித்த மீனைத் திரும்ப விட முடியும். ஓடையில் பெருகிவிட்ட மீனைத் திரும்பப் பிடித்து முடிக்க முடியாது.