டிராக்டரில் ஆயில் கூடிப்போனால்

பருவமழைக்கு முன்னால் டிராக்டருக்கு ஆயில் மாற்றுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். "கொஞ்சம் சேத்தியே ஊத்துங்க, வண்டி நல்லா உழைக்கட்டும்" என்று சொல்கிறவர்களை அன்னூர், அவிநாசிப் பக்கம் பார்க்கலாம். மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கிற நினைப்பு அது!

இன்ஜினுக்கு அது ஒத்துவராதுங்க. அடியில் கிடக்கும் ஆயில், மேலே சுழலும் கிராங்க் ஷாஃப்டைத் தொடாத உயரத்தில் இருக்க வேண்டும். கூடிப்போனால் கிராங்க் அதை மோர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கிவிடும். பம்ப் நுரையை இழுத்தால் பிரஷர் விழும், பேரிங் தேயும். சீல் கசியும். பிரீதர் குழாய் வழியாக ஆயில் ஏறி எரிந்தால் நீலப் புகை வரும். அதற்கும் மேலே போனால் டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். டீசலை அடைத்தாலும் நிற்காது.

எங்கள் வண்டிக்கு ஒரு பட்டறையில் ஃபில்டரை மாற்றாமலே, புத்தகத்தில் போட்டிருந்த முழு அளவையும் ஊற்றிவிட்டார்கள். அந்தக் கணக்கு புது ஃபில்டர் குடிக்கிற ஆயிலையும் சேர்த்தது. வண்டியைச் சரிவில் நிறுத்தி வடித்ததால் பழைய ஆயிலும் கொஞ்சம் உள்ளேயே நின்றுவிட்டது. டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. டிப்ஸ்டிக் துளையில் மெல்லிய குழாய் விட்டு, பெரிய சிரிஞ்சால் இழுத்தோம். வாயால் மட்டும் உறிஞ்சிடாதீங்க. கொஞ்சம் எடுப்பது, அளவு பார்ப்பது என்று போனால் போதும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியும்.

நீங்கள் ஊற்றாமலே மட்டம் ஏறினால் அது வேறு கதை. டீசல் வாடை அடித்து ஆயில் நீர்த்திருந்தால், டீசல் உள்ளே இறங்குகிறது. பால் காபி நிறமானால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்டார்ட் பண்ணாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வங்கியில் இருந்தபோது டிராக்டர் கடன் பார்வைக்குப் போனால் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து வருவோம். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கச் சொல்லி எந்தப் படிவத்திலும் இல்லை. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கணும்.

எடுத்த ஆயிலை என்ன செய்வது? புதுசாக இருந்தால் சுத்தமான கேனில் வைத்துப் பிறகு ஊற்றிக்கொள்ளலாம். ஓடிக் கறுத்த ஆயிலில் உலோகத் துகளும், புற்றுநோய் தரக்கூடிய பொருள்களும் உண்டு. இதைக் கரையானுக்கென்று வேலிக்காலில் பூசுவதும், கிணற்று மேட்டில் கொட்டுவதும் இயற்கை விவசாயத் தோட்டத்தில் ஆகாத காரியம். பூசிய காலை ஆடு நக்கும். கொட்டியது மழையோடு கிணற்றில் இறங்கும். காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டைப் பாருங்கள், கிளுவை வேலி உயிரோடு நிற்கிறது. அதைக் கரையானிடமிருந்து காப்பாற்ற ஆயிலே வேண்டாம்.

2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும். நான் இறுக்கமான மூடி போட்ட கேனில் சேர்த்துவைத்து, அப்படி அனுப்புகிற சர்வீஸ் சென்டரில் கொடுக்கிறேன். "வாங்கி எங்கீங்க அனுப்பறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டே கொடுங்கள்.