வாய்ப்பேச்சில் பிரித்த வயல்

பட்டா செத்துப்போன தாத்தா பெயரில் இருக்கும், உழுவது பேரன். நடுவில் வாரிசுகள் திருப்பூரில் ஒருவர், சென்னையில் ஒருவர், கட்டிக்கொடுத்த ஊரில் இரண்டு பேர் என்று சிதறிக் கிடப்பார்கள். கேட்டால், "நாங்க அப்பவே பேசிப் பிரிச்சுக்கிட்டோம் சார், இந்த வரப்புக்கு மேக்கால எனக்கு" என்று பதில் வரும். பேச்சில் நாணயம் இருக்கலாம். ஆனால் பிரதமரின் கிசான் உதவித்தொகை, கூட்டுறவுச் சங்கக் கடன், பயிர்க் காப்பீடு என எந்த வாசலுக்குப் போனாலும் முதல் கேள்வி, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு சாகுபடிதாரர் கையில் உள்ள நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட முழுசாக இல்லை. அதை மூன்றாகவோ நான்காகவோ பிரிக்கும்போது சென்ட் கணக்கில் சண்டை வருவதில் வியப்பில்லை.

பிரிப்பதற்கு முன் நிலம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் அப்பா வழியில் வந்த எல்லாவற்றையும் 'பூர்வீகம்' என்றே சொல்கிறோம். "தாத்தா சொத்து பேரனுக்கு, மகன் விற்க முடியாது" என்பது டீக்கடைச் சட்டம். உண்மை வேறு. தாத்தா தன் காசில் வாங்கிய நிலம், 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபின் அவர் உயில் எழுதாமல் இறந்ததால் அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் தனிச் சொத்து. 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் சொன்னது. அப்பா உயிரோடு இருக்கும்வரை பேரன் அதில் பங்கு கேட்க முடியாது. பழைய கூட்டுக்குடும்பச் சொத்தாகத் தொடர்ந்து வந்த நிலத்தில் மட்டுமே பிறப்பால் பங்கு உண்டு. இது தெரியாமல் போட்ட பாகப்பிரிவினை வழக்குகள் ஏராளம். மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் எடுத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். பட்டாவை மட்டும் நம்ப வேண்டாம். அது வருவாய்த் துறைப் பதிவு. உரிமைப் பத்திரம் ஆகாது. பட்டாவில் பெயர் விடுபட்டதால் பங்கு போய்விடாது, பெயர் ஏறியதால் முழு நிலமும் வந்துவிடாது.

அடுத்து பெண்பிள்ளைகள். பெண்ணுக்கும் சம சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. கூட்டுக்குடும்பச் சொத்தில் அது தமிழ்நாட்டுச் சட்டமாக அறுபது ஆண்டு ஆனது. 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தத்தில், அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குப் பங்கு இல்லை என்றிருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் ஊர் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. கல்யாணம் எந்த ஆண்டில் ஆனாலும் மகள் பிறப்பால் பங்காளி. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா என்பதும் பொருட்டில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்த்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ முடிந்துபோன பிரிவினைகளை மட்டும் கிளற முடியாது. வாய்ப்பேச்சுப் பிரிவினை என்று இப்போது சொன்னால், பொது ஆவணங்கள் வழியாக ஐயமின்றி நிரூபித்தாலொழிய நீதிமன்றம் ஏற்காது.

அப்பா சுயமாக வாங்கி, உயில் எழுதாமல் விட்டுப்போன நிலத்தில் மகளுக்கு 1956 முதலே மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அதற்கும் முன்பு மகன் இல்லாமல் இறந்த தகப்பனின் சுய சம்பாத்தியம்கூட மகளுக்குச் சேரும் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன அருணாசல கவுண்டர் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. "நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, இன்னும் என்ன பங்கு?" என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை. சீர் எவ்வளவு செய்திருந்தாலும் பங்கில் கழியாது. அக்காவோ தங்கையோ மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வெற்றுத்தாளில் வாங்கும் கையெழுத்து விடுதலை ஆகாது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட வேண்டும்.

ஒரு கணக்கு. மூன்று ஏக்கர், அப்பா, அம்மா, ஒரு மகன், ஒரு மகள். அப்பாவைப் பெற்றவள் இப்போது இல்லை. நிலம் கூட்டுக்குடும்பச் சொத்தானால் அப்பா, மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கர். அப்பா உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய ஒரு ஏக்கர் அம்மாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். ஆக, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 133 சென்ட் சொச்சம், அம்மாவுக்கு 33 சென்ட் சொச்சம். அதே நிலம் அப்பாவின் சுய சம்பாத்தியமானால், அவருக்குப் பின் அம்மா, மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு ஒரு ஏக்கர். அம்மாவின் பங்கைப் பல குடும்பங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. மகன்கள் சேர்ந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது அம்மாவிடம் கைநாட்டு மட்டும் கேட்கிறார்கள்.

இனி பத்திரம். உயிரோடு இருக்கும்போதே எழுதிவைக்க, பொதுவாக மூன்று வழி: பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், உயில். கட்டணம் குறைவு, வேலை சுலபம் என்று எல்லோரும் ஓடுவது செட்டில்மென்டுக்கு. 2023 ஜூலையில் உயர்த்தியபின் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். பதிவுக்குப் போகும்முன் நடப்பு விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் என் பயமெல்லாம் இந்தப் பத்திரத்தைப் பற்றித்தான். பதிவாகி, மகன் ஏற்றுக்கொண்ட நிமிடத்தில் நிலம் அவனுடையது. "மனசு மாறிடுச்சு" என்று பெற்றவர் தனியாகப் போய் ரத்து செய்ய முடியாது. அடுத்த மாதமே அவன் அதை அடமானம் வைக்கலாம், விற்கலாம். அதனால் எழுதும்போதே இரண்டு வாசகங்கள் கட்டாயம்: எங்கள் இருவர் ஆயுள்வரை நிலத்தை அனுபவிக்கும் உரிமையும் வருமானமும் எங்களுக்கே; சோறும் மருத்துவமும் பார்ப்பது மகன் கடமை, தவறினால் இந்தப் பத்திரம் செல்லாது. பத்திரம் எழுதுபவர் "அதெல்லாம் வேணாம்ங்க, மகன் மனசு நோகும்" என்பார். நோகட்டும்.

அந்தப் பராமரிப்பு வாசகம் இருந்தால், 60 வயது கடந்தவர்கள் 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பத்திரத்தையே செல்லாததாக்க அவருக்கு அதிகாரம் உண்டு. மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். நிபந்தனை எழுதாமல் கொடுத்தவர்கள் நிலை இழுபறி. நிபந்தனை இருந்தே ஆக வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்துத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. அன்பின் பேரில் கொடுத்தாலே பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனை அதில் அடங்கும் என்று அவ்வாண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மனு போடத் தயங்க வேண்டாம். ஆனால் வயதான காலத்தில் ஏன் இந்த நம்பிக்கையில் அலைய வேண்டும்?

உயில் எழுதினால் கடைசி மூச்சுவரை நிலம் உங்களுடையது, எத்தனை முறையும் மாற்றலாம். பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கட்டாயம். பங்கு பெறுபவர் சாட்சியாக வேண்டாம். உங்களைவிட இளையவராகப் பார்த்துப் போடுங்கள், நாளை நீதிமன்றத்தில் வந்து சொல்ல அவர் இருக்க வேண்டும். கூட்டுக்குடும்பச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். அதே பிரியாத பங்கைப் பங்காளிகள் சம்மதமின்றி ஒரு பிள்ளைக்கு மட்டும் தானமாகக் கொடுத்தால் செல்லாது.

பாகப்பிரிவினைப் பத்திரங்களில் அதிகம் விடுபடுவது தண்ணீரும் தடமும்தான். அண்ணனுக்குக் கிழக்கு, தம்பிக்கு மேற்கு என்று எழுதிவிட்டு, கிணறு யாருடையது, இலவச மின் இணைப்பு யார் பெயரில், மோட்டார் முறை எத்தனை நாளுக்கு ஒருமுறை, வண்டி எந்தப் பக்கமாக வரும் என்பதை எழுதாமல் விடுகிறார்கள். நெல் அறுக்கும் இயந்திரம் தம்பி வயலுக்கு வரும் நாளில் பாதையில் முள் விழுந்திருக்கும். கிணற்றில் எத்தனை பாகம், பாதை எத்தனை அடி அகலம் என்று பத்திரத்திலேயே வரட்டும். நில அளவரை வைத்து அளந்து, உட்பிரிவு செய்து, புலப்படத்தில் ஏற்றித் தனிப்பட்டா வாங்கினால்தான் வேலை முடியும்.

வாரிசுரிமை பற்றி இதுவரை சொன்னவை இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் மகனும் மகளும் சமம். முஸ்லிம்களுக்கு ஷரியத் பங்கீடு. மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் உயில் மூன்றில் ஒரு பாகத்துக்கு மேல் செல்லாது.

பங்கு மறுக்கப்பட்டால்? முதலில் வட்டாட்சியரிடம் பட்டா மாற்றத்துக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகு உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு, கூடவே நிலத்தை விற்கவிடாமல் இடைக்காலத் தடை. "முப்பது வருஷமா நான்தான் உழறேன்" என்பதால் மட்டும் அண்ணனுக்கு உரிமை வராது. ஒரு பங்காளியின் அனுபவம் எல்லோர் சார்பிலானதாகவே கொள்ளப்படும். நிலம் வெளியாளிடம் போய்விடும் என்று அண்ணன் பயந்தாலும் வழி இருக்கிறது: வாரிசுகளில் ஒருவர் பங்கை விற்கும்போது விலை கொடுத்து வாங்கும் முன்னுரிமையை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு மற்ற வாரிசுகளுக்குத் தருகிறது. விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

வக்கீலுக்குக் காசில்லை என்று பெண்கள் ஒதுங்க வேண்டாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100 எண்ணில் பேசலாம். முதியவர்களுக்கு 14567. வழக்கு நடக்கும்போதே மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அதற்கு மேல்முறையீடு கிடையாது; கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.