கேளாதவர்க்கும் உரிய உதவி



1979ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பீகார் மாநிலச் சிறைகளைப் பற்றிய செய்திகள் ஆங்கில நாளேடு ஒன்றில் வெளிவந்தன. விசாரணை முடியாமலே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தோரைப் பற்றியவை அவை. அவர்களுள் சிலர், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் பெற்றிருக்கக்கூடிய தண்டனைக் காலத்தினும் நெடுங்காலம் சிறையிலே கழித்துவிட்டனர். குற்றமே சாட்டப்படாத பெண்டிரும் அங்கே இருந்தனர். சாட்சி சொல்லத் தேவைப்படுவர் என்று, 'பாதுகாப்பு' என்னும் பெயரால் அவர்களைச் சிறையில் வைத்திருந்தார்கள்!

புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்னும் வழக்கறிஞர் இதற்காக உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்தார். அவர் அக் கைதிகளுக்கு உறவினரும் அல்லர். அவர்களால் அமர்த்தப்பட்டவரும் அல்லர். அதுவே ஹுசைனாரா காத்தூன் வழக்கு எனப் பெயர் பெற்றது. வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவருக்கு இலவசச் சட்ட உதவி அளிப்பது, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் உரிமையில் அடங்கியதே என்று நீதிபதி பகவதி முதலானோர் தீர்ப்பளித்தனர். இத்தகைய உதவிக்கு அரசு வழிசெய்யவேண்டும் என்னும் 39-அ உறுப்பு, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே சேர்க்கப்பட்டிருந்தது. ஏட்டில் இருந்தது சிறைக்குள் எட்டவில்லை.

எட்டாமைக்குக் காரணம் வறுமை ஒன்றே என்று நீங்கள் கூறக்கூடும். அதனினும் நுட்பமான தடை ஒன்று உண்டு. அருணாசலப் பிரதேசத்தில் ஒருவர் வழக்கறிஞர் துணையின்றி விசாரிக்கப்பட்டு, இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். "அவர் உதவி வேண்டும் என்று கேட்கவில்லையே" என்பது உயர் நீதிமன்றம் கண்ட நியாயம். உச்ச நீதிமன்றம் 1986இல் அதனை ஏற்கவில்லை. உரிமை உண்டென்பதையே அறியாதவர் எவ்வாறு கேட்பார்? அறிவிக்கும் கடமை விசாரிக்கும் நீதிபதிக்கு உரியது என்று கூறித் தண்டனையை நீக்கியது. ஆசிரியர்க்கு இது புதிதன்று. "ஐயம் இருந்தால் கேளுங்கள்" என்று வகுப்பில் சொன்னால், ஒன்றுமே விளங்காத மாணவன்தான் வாய் திறக்கமாட்டான்.

நான் தலைமையாசிரியனாக இருந்த ஊரில், ஒரு மாலை முதிய பெண்மணி ஒருவர் மடித்த தாள் ஒன்றைக் கொணர்ந்தார். பேரனுடைய பள்ளிக் காகிதம் என்றெண்ணி, கைரேகை வைத்து வாங்கி, அடுக்குப்பானையில் பத்திரமாக வைத்திருந்தாராம். விரித்துப் பார்த்தேன். அவருடைய வீட்டுமனை பற்றிய வழக்கில் நீதிமன்றம் அனுப்பிய அழைப்பாணை அது. வரவேண்டிய நாள் கடந்து இருபத்தாறு நாட்கள் ஆகியிருந்தன. அன்றே ஒருதலைத் தீர்ப்பும் ஆகிவிட்டது என்பதைப் பின்னர் அறிந்தோம். அத்தகைய தீர்ப்பை நீக்குமாறு முப்பது நாட்களுக்குள் மனுச் செய்யலாம். எஞ்சியவை நான்கே நாட்கள்.

மறுநாள் காலை நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு அவரை அழைத்துச் சென்றேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தபின் அமைந்த குழு அது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் முதலியோர்க்கு இச் சட்டம் வருமான வரம்பு வைக்கவில்லை, ஏனையோர்க்கே வரம்பு. வழக்கறிஞர் கட்டணம் மட்டுமன்றி, நீதிமன்றக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு ஆகியவையும் இவ்வுதவியில் அடங்கும்.

விண்ணப்பம் எழுதித்தர நான் பேனாவை எடுத்தேன். அங்கிருந்த அலுவலர் தடுத்துவிட்டார். எழுதத் தெரியாதவர் சொல்வதைத் தாமே எழுதி, படித்துக்காட்டிக் கைரேகை பெறவேண்டும் என்பது விதியாம். அம்மூதாட்டி ஒரு மணி நேரம் பேசினார். பேரனைப் பற்றியும், வாசலில் நின்ற புளியமரத்தைப் பற்றியும் கூடச் சொன்னார். அலுவலர் வேண்டுவன எழுதிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். அதன் பின்னரே அவர் விரலை மையில் வைத்தார்.

மனு மூன்றாம் நாள் தாக்கலாயிற்று. ஒருதலைத் தீர்ப்பு நீக்கப்பட்டு, வழக்கு முதலிலிருந்து நடந்தது.